அண்ணாச்சி பதில்கள்: அயர்லாந்து ஓட்டும் நம்ம வார்டும்

போன இதழில் யாருக்கோ பதில் சொல்லும்போது, அயர்லாந்து கவுன்சிலர் தேர்தலில் தோற்றவருக்குப் போட்ட ஓட்டுகூட லேசில் வீணாகாது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கு அங்கே போயிருப்பது ஒரு காரணம். உள்ளாட்சி என்றால் நம்ம டீக்கடைகளில் பெஞ்சு நிறைந்துவிடும் என்பது இன்னொன்று. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும்.

வள்ளியூரிலிருந்து ஒரு அம்மா: என் மகள் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். இந்திய பாஸ்போர்ட்தான். 2024 ஜூனில் அங்கே கவுன்சிலர் தேர்தலில் ஓட்டுப் போட்டேன் என்கிறாள். வெளிநாட்டுக்காரி ஓட்டுப் போட்டால் நாளைக்கு விசாவுக்கு ஏதும் வில்லங்கம் வராதா அண்ணாச்சி?

ஒரு வில்லங்கமும் வராதும்மா, நிம்மதியாக இருங்கள். அயர்லாந்தில் குடியிருக்கிற 18 வயது நிரம்பிய யாரும், எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் சரி, உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்கவும் செய்யலாம். இது நேற்று வந்த சலுகையும் இல்லை, ஓட்டுரிமை 1960-களிலிருந்தே இருக்கிறது. ஆனால் எல்லாத் தேர்தலுக்கும் இது கிடையாது. அவர்கள் நாடாளுமன்றத்துக்கு, அதாவது டாயிலுக்கு, ஐரிஷ் குடிமக்களும் பிரிட்டிஷ் குடிமக்களும்தான் போட முடியும். ஜனாதிபதி தேர்தலும் பொது வாக்கெடுப்பும் ஐரிஷ் குடிமக்களுக்கு மட்டும். உங்கள் மகள் பெயருக்குப் பக்கத்தில் வாக்காளர் பட்டியலில் 'எல்' என்று ஓர் எழுத்து இருக்கும், உள்ளாட்சிக்கு மட்டும் என்று அர்த்தம்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே. அந்த ரோட்டில்தான் அவள் டூட்டி முடிந்து நடந்து வருகிறாள், அந்த ஊர் நூலகத்துக்குத்தான் போகிறாள், ரோடு குண்டும் குழியுமாக இருந்தால் கால் இடறுவது அவளுக்குத்தான். இதே பிள்ளை வள்ளியூரில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்து, தேர்தலன்று விமானம் ஏறி நேரில் வந்து நிற்க வேண்டும். டிக்கெட் விலைக்கு யார் வருவார்கள், சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், அம்பாசமுத்திரம்: தோற்றவருக்குப் போட்ட ஓட்டு எப்படி வீணாகாமல் போகும்? கணக்காகச் சொன்னால்தான் நான் நம்புவேன்.

கணக்கு வாத்தியாரிடமே கணக்கா! சரி, அவர்கள் ஊரை விடுங்கள், நம்ம தெரு அம்மன் கோயில் கொடைக்கு கமிட்டி போடுகிறோம் என்று வையுங்கள். மூன்று இடம் (அங்கே ஒரு வார்டுக்கு ஒரே கவுன்சிலர் இல்லை, பல பேர்), ஐந்து பேர் நிற்கிறார்கள், 100 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. பிடித்தவருக்கு 1, அவருக்கு அடுத்துப் பிடித்தவருக்கு 2, அப்புறம் 3 என்று எண் எழுத வேண்டும். எத்தனை எண் வரை வேண்டுமானாலும் எழுதலாம், ஒன்றோடும் நிறுத்தலாம்.

ஜெயிக்க எத்தனை ஓட்டு? மொத்த ஓட்டை, இடங்களோடு ஒன்று கூட்டி வருகிற எண்ணால் வகுத்து, வந்ததோடு ஒன்று சேர்க்க வேண்டும். 100-ஐ 4-ஆல் வகுத்தால் 25, ஒன்று சேர்த்தால் 26. நாலு பேர் ஆளுக்கு 26 வாங்கவே முடியாது (104 ஆகிவிடும்), அதனால் 26 வாங்கினவர் கட்டாயம் முதல் மூன்றுக்குள் இருப்பார். இவ்வளவுதான் சூட்சுமம்.

முதல் விருப்பத்தை எண்ணுகிறோம். டீக்கடை அண்ணாச்சி 40, வாத்தியார் 22, பீடி சுற்றுகிற அக்கா 18, ஆட்டோ தம்பி 12, மளிகைக்கடை மாமா 8. அண்ணாச்சி தேறிவிட்டார். ஆனால் அவருக்கு 26 போதும், 14 உபரி. அந்த உபரியைத் தூக்கிப் போடுவதில்லை. அண்ணாச்சிக்கு 1 போட்ட 40 சீட்டிலும் 2 யாருக்கு என்று பார்க்கிறார்கள். பாதிப் பேர் அக்காவுக்கு, பாதிப் பேர் மாமாவுக்கு எழுதியிருந்தால், அந்த 14-ஐ ஏழு ஏழாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இப்போது அக்கா 25, வாத்தியார் 22, மாமா 15, தம்பி 12. யாரும் 26 தொடவில்லை. அப்போது கடைசியில் நிற்கிற தம்பியை வெளியேற்றிவிட்டு, அவருடைய 12 சீட்டிலும் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்க்கிறார்கள். அக்காவுக்கு 5, வாத்தியாருக்கு 4, மாமாவுக்கு 3. அக்கா 30, வாத்தியார் சரியாக 26. இரண்டு பேரும் உள்ளே. கமிட்டி முடிந்தது, மாமா 18-ஓடு வீட்டுக்குப் போகலாம்.

ஆட்டோ தம்பி தோற்றுப் போனாலும் அவருக்கு ஓட்டுப் போட்ட 12 பேரில் 9 பேருடைய சீட்டு, கமிட்டியில் உட்காரப் போகிற யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது பாருங்கள். இதே தெருவில் நம்ம முறைப்படி ஒரே ஆளை மட்டும் தேர்ந்தெடுத்தால் 40 வாங்கின அண்ணாச்சி ராஜா, மீதி 60 பேரும் அடுத்த தேர்தல் வரை வாயை மூடிக்கொண்டு வரி கட்ட வேண்டியதுதான்.

இது என்னமோ வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம் சார். நம்ம மாநிலங்களவைத் தேர்தலுக்கு எம்.எல்.ஏ.க்கள் இப்படித்தான் 1, 2 என்று எழுதுகிறார்கள். 'ஒரு எம்.பி. தேர்வாக 34 எம்.எல்.ஏ.க்கள் ஆதரவு தேவை' என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். 234-ஐ 7-ஆல் வகுத்து ஒன்று சேர்த்துப் பாருங்கள், அந்த 34 வரும். எம்.எல்.ஏ.க்குப் புரிகிற கணக்கு நமக்குப் புரியாது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போல.

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: இதை எண்ணி முடிக்க எத்தனை நாள் ஆகும்? அங்கே இயந்திரம் கிடையாதா?

இயந்திரம் வாங்கினார்கள் தம்பி, அந்தக் கதையைக் கேள். 2002-ல் மூன்று தொகுதிகளில் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, சுமார் 7,500 இயந்திரங்களை வாங்கிக் குவித்தார்கள். எல்லாச் செலவும் சேர்த்து 5 கோடி யூரோவுக்கு மேல். நம்பகத்தன்மை போதாது என்று எதிர்ப்பு கிளம்பி, நாடு முழுக்கப் பயன்படுத்தாமலே கிடங்கில் பூட்டி வைத்து, பூட்டி வைத்த இடத்துக்கு வாடகையும் கட்டி, 2009-ல் திட்டத்தையே கைவிட்டு, 2012-ல் பழைய இரும்புக்காரரிடம் சுமார் 70,000 யூரோவுக்குப் போட்டார்கள். நம்ம வீட்டில் பழைய பேப்பர்க்காரர் வரும்போது நடக்கிற மாதிரிதான்.

அதனால் இன்றைக்கும் காகிதச் சீட்டு, பென்சில், கையால் எண்ணுவது. 2024-ல் உள்ளாட்சியோடு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் நடந்தது, ஜூன் 7. வடமேற்குப் பகுதித் தொகுதி ஒன்றில் 27 வேட்பாளர்கள். ஒருவரை வெளியேற்று, அவர் கட்டைப் பிரி, திரும்ப எண்ணு, அடுத்தவரை வெளியேற்று என்று ஐரோப்பியத் தேர்தல் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒரு வாரம் ஓடியது.

எனக்கு அதில் பிடித்த காட்சி வேறு. எண்ணுகிற மேசைக்கும் கட்சிக்காரர்களுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை விரித்து அடுக்கும்போது, கட்சிக்காரர்கள் அந்தத் தடுப்பில் வயிறு அழுந்தக் குனிந்து, ஒவ்வொரு சீட்டிலும் 1 யாருக்கு என்று பார்த்துக் கையிலிருக்கிற தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். டாலிமென் என்று பெயர். விரோதிக் கட்சிகள்கூட இந்தக் கோடுகளைக் கூட்டிப் பகிர்ந்துகொள்ளும். அதிகாரி வாய் திறப்பதற்கு முன்னாலேயே எந்தத் தெருப் பெட்டியில் யாருக்கு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நம்ம ஊர் பூத் ஏஜென்ட்டுகள் கேட்டால் கண் கலங்குவார்கள்.

ஒரு சின்ன விஷயம், சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில்தான் வரும். மேலே இருக்கிற பெயருக்குக் கொஞ்சம் கூடுதல் ஓட்டு விழுகிறது என்று அங்கே ரொம்ப நாளாகவே ஒரு புகார் உண்டு. எண் போடுகிறவர்களுக்கும் மேலிருந்து கீழே வரும்போது சோம்பல் வரத்தானே செய்யும்.

மேலப்பாளையம் வாசகர்: 2024 முடிவில் யார் ஜெயித்தது? ஒவ்வொருவரும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்கிறார்களே.

நம்ம ஊரிலும் தேர்தல் மறுநாள் எல்லோரும்தானே ஜெயித்திருப்பார்கள். எண்ணிக்கையைச் சொல்கிறேன். நாடு முழுக்க 31 உள்ளாட்சி சபைகள், 949 கவுன்சிலர்கள். ஃபியானா ஃபால் 248, ஃபீனா கேல் 245. இந்த இரண்டும் ஒரு காலத்தில் எலியும் பூனையுமாக இருந்து, 2020-லிருந்து சேர்ந்து ஆட்சி நடத்துகிற கட்சிகள். எதிர்க்கட்சியான ஷின் ஃபேன் 102. கட்சியே இல்லாத சுயேச்சைகள் 180-க்கு மேல்! பசுமைக் கட்சி 2019-ல் 49 வாங்கியிருந்தது, அது 23-க்கு இறங்கிவிட்டது.

சண்டை ஷின் ஃபேனைப் பற்றித்தான். 2019-ல் கிடைத்த 81-லிருந்து 102-க்கு ஏறியிருக்கிறோம் என்று அவர்கள் சொல்லலாம், பொய்யும் இல்லை. ஆனால் அதற்கு ஓரிரு வருஷம் முன்னால் கருத்துக்கணிப்புகளில் 30 சதவீதத்தைத் தாண்டி நின்ற கட்சி, ஓட்டு எண்ணும்போது 12 சதவீதத்தையே தொடவில்லை. வாடகை ஏற்றம், வீடு கிடைக்காமை என்று ஆட்சிக்கு எதிராகக் கோபம் கொதிக்கிற நாட்டில் எதிர்க்கட்சி ஏன் அறுவடை செய்யவில்லை என்று அங்கே மாதக்கணக்கில் அலசினார்கள். குடியேற்ற விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்த்துப் பழைய ஆதரவாளர்களை இழந்தார்கள் என்று ஒரு பேச்சு. அந்த ஓட்டெல்லாம் சுயேச்சைகளுக்குப் போய்விட்டது என்று இன்னொரு பேச்சு.

நான் இதில் ஒரு எச்சரிக்கை சொல்வேன். 2019 உள்ளாட்சியில் இதே கட்சி கிட்டத்தட்ட பாதிக் கவுன்சிலர்களை இழந்தது, 159-லிருந்து 81. கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். ஒன்பதே மாதத்தில், 2020 பிப்ரவரி பொதுத் தேர்தலில், நாட்டிலேயே அதிக முதல் விருப்ப ஓட்டு வாங்கினது அந்தக் கட்சிதான். அதனால் 2024 ஜூனில் பலர் வாயைக் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தடவை அற்புதம் நடக்கவில்லை. நவம்பர் பொதுத் தேர்தலில் 174 இடங்களில் ஃபியானா ஃபால் 48, ஷின் ஃபேன் 39, ஃபீனா கேல் 38. ஃபியானா ஃபாலும் ஃபீனா கேலுமே சில சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டு திரும்ப ஆட்சிக்கு வந்துவிட்டன. கவுன்சிலர் தேர்தலை வைத்துக் கோட்டைக்கு ஜோசியம் பார்க்கிற நம்ம ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் இடத்துக்கு வந்த கட்சிக்கே 949-ல் 248, கால்வாசிதான். 2022-ல் நம்ம நெல்லை மாநகராட்சியில் 55 வார்டு, திமுக கூட்டணி 51, அதிமுக 4. ஊரில் நூற்றுக்கு ஏழு பேர்தான் அதிமுகவா? யாரும் நம்ப மாட்டோம். எந்தக் கட்சி மேலே இருந்தாலும் இந்த முறை இப்படித்தான் கொழுத்த பக்கத்தை இன்னும் கொழுக்க வைக்கும். நாளைக்கே காற்று மாறினால் இதே எண்ணிக்கை தலைகீழாக வரும்.

களக்காடு வாசகர்: அங்கே கவுன்சிலர் இறந்துவிட்டால் இடைத்தேர்தல் உண்டா?

கிடையாது. எந்தக் கட்சி இடமோ அந்தக் கட்சியே ஒருவரைச் சொல்ல, சபை சேர்த்துக்கொள்ளும். செலவு மிச்சம். ஆனால் பல பேர் ஓட்டே வாங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்து, அடுத்த தேர்தலில் 'தற்போதைய கவுன்சிலர்' என்று போஸ்டர் அடிக்கிறார்கள். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வண்ணார்பேட்டை வாசகர்: இப்படிச் சிக்கலான முறையை ஏன் அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

விடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள் ஐயா. 1959-லும் 1968-லும் இரண்டு தடவை பொது வாக்கெடுப்பு வைத்து, பிரிட்டன் மாதிரி ஒரு தொகுதி ஒரு ஆள் என்று மாற்றலாமா என்று ஃபியானா ஃபால் அரசு கேட்டது. மக்கள் இரண்டு தடவையும் முடியாது என்றுவிட்டார்கள். 1959-ல் இன்னும் வேடிக்கை, அதே நாளில் அந்தக் கட்சித் தலைவர் டி வலேராவை ஜனாதிபதியாக்கினார்கள், அவர் கேட்ட மாற்றத்தை மட்டும் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் எல்லைக்கு வடக்கே போக வேண்டும். வட அயர்லாந்து இன்றும் பிரிட்டனோடு இருப்பது, அங்கே தனி உள்ளாட்சி. 1922-ல் அங்கிருந்த யூனியனிஸ்ட் அரசு (பிரிட்டனோடுதான் இருப்போம் என்கிற, பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் தரப்பு) உள்ளாட்சிக்கு இந்த விருப்ப ஓட்டு முறையை எடுத்துவிட்டு வார்டு முறைக்குப் போனது. டெரி என்று ஒரு நகரம், ஜனத்தொகையில் கத்தோலிக்கர்கள்தான் அதிகம். வார்டு எல்லையை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? கத்தோலிக்கர்களில் பெரும்பாலானவர்களை ஒரே பெரிய வார்டுக்குள் அடைத்து அதற்கு 8 இடம், மற்ற இரண்டு வார்டுகளில் யூனியனிஸ்ட்டுகள் கொஞ்சம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி கோடு இழுத்து அவற்றுக்கு 12 இடம். சிறுபான்மை 12, பெரும்பான்மை 8. எத்தனை தேர்தல் நடந்தாலும் முடிவு மாறாது. போதாக்குறைக்கு வீட்டு வரி கட்டுகிறவருக்கும் அவர் மனைவிக்கும்தான் உள்ளாட்சி ஓட்டு, அப்பா வீட்டில் இருக்கிற கல்யாணமான மகனுக்குக் கிடையாது. கவுன்சில்தான் வீடு ஒதுக்கும், வீடு இருந்தால்தான் ஓட்டு. அப்போது யாருக்கு வீடு ஒதுக்கியிருப்பார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம்.

1968-ல் அந்த டெரி தெருவில்தான் ஊர்வலம் போனார்கள், போலீஸ் தடியடி நடத்தியது, அப்புறம் நடந்த முப்பது வருஷ ரத்தக்களறி உலகத்துக்கே தெரியும். 1973-ல் உள்ளாட்சிக்கு விருப்ப ஓட்டு முறை திரும்பி வந்தது. 2023 மே மாதம் நடந்த தேர்தலில் 462 இடங்களில் 144 வாங்கி, இரண்டு அயர்லாந்தும் ஒன்றாக வேண்டும் என்கிற அதே ஷின் ஃபேன் முதலிடத்துக்கு வந்தது, அங்கே உள்ளாட்சியில் அதுதான் முதல் தடவை.

வார்டு மறுவரையறை என்று நம்ம ஊரில் நோட்டீஸ் ஒட்டும்போது யாரும் நின்று படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. நான் முன்பு குடியிருந்த ஒரு ஊரில், தெருவின் தெற்குச் சாரி ஒரு வார்டு, வடக்குச் சாரி ஒரு வார்டு என்று ஒரு நாள் ஆகிவிட்டது. நடுவில் ஓடுகிற சாக்கடை அடைத்தால் இந்தக் கவுன்சிலர் அந்தக் கவுன்சிலரைக் கைகாட்டுவார், அவர் இவரை. மூன்று மழைக்காலம் அந்தத் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தபோதுதான் கோடு எங்கே விழுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது.

முக்கூடலிலிருந்து ஒரு சகோதரி: பெண்களுக்கு அங்கே எவ்வளவு இடம்?

நம்மைவிடக் குறைவு அக்கா! 2024-ல் தேர்வான கவுன்சிலர்களில் கால்வாசிதான் பெண்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் சட்டப்படியே பாதி இடம் பெண்களுக்கு. அங்கே இடஒதுக்கீடு என்றால் வேட்பாளர் பட்டியலில்தான், அதுவும் நாடாளுமன்றத் தேர்தலுக்கு மட்டும்: 2012-ல் சட்டம் போட்டு முதலில் 30 சதவீதம், 2023-லிருந்து 40. நிறுத்தாத கட்சிக்கு அரசு கொடுக்கிற பணத்தில் பாதியை வெட்டிவிடுவார்கள். உள்ளாட்சிக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

உடனே நாம் மார்தட்ட வேண்டாம். பெயர்ப் பலகையில் தலைவி பெயர், நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் என்பது நம்ம பக்கம் எத்தனை ஊராட்சியில் நடக்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் 2021-ல் நம்ம சிவந்திப்பட்டி ஊராட்சிக்கு 90 வயது பெருமாத்தாள் பாட்டி தலைவியாக ஜெயித்தாரே, அதே தேர்தலில் தென்காசிப் பக்கம் வெங்கடாம்பட்டியில் 21 வயதுப் பிள்ளை ஜெயித்ததே, அதெல்லாம் கதவு திறந்திருப்பதால்தான் நடந்தது.

டவுன் வாசகர்: ஓட்டு முறை பிரமாதம் என்கிறீர்கள். கவுன்சிலர் கையில் அதிகாரம் உண்டா?

பிடித்தீர்கள் பாருங்கள், இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். அதிகாரம் ரொம்பக் குறைவு. ஐரோப்பாவிலேயே உள்ளாட்சி பலவீனமான நாடுகளில் அயர்லாந்து ஒன்று. பள்ளிக்கூடம் அவர்களிடம் இல்லை, போலீஸ் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, 2014-லிருந்து குடிதண்ணீரும் ஒரு தேசிய நிறுவனத்துக்குப் போய்விட்டது. வீடு, ரோடு, நூலகம், தீயணைப்பு, கட்டட அனுமதித் திட்டம், இவ்வளவுதான். அதிலும் அன்றாட நிர்வாகம் தலைமைச் செயல் அலுவலர் என்கிற அதிகாரி கையில். நம்ம கமிஷனர் மாதிரி என்று வையுங்கள், அவரைவிடவும் கொஞ்சம் கூடுதல் பலம்.

2014-ல் இன்னொரு வெட்டும் விழுந்தது. பொருளாதாரம் படுத்த சமயம், செலவைக் குறைக்கிறோம் என்று 80 டவுன் கவுன்சில்களை ஒரே சட்டத்தில் கலைத்தார்கள். 1,627 கவுன்சிலர்கள் இருந்த இடத்தில் 949. அம்பை நகராட்சியையும் கல்லிடைக்குறிச்சி பேரூராட்சியையும் கலைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் நெல்லைக்கு வா என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கோபம் அங்கே சின்ன ஊர்களில் இன்னும் ஆறவில்லை. எங்கள் ஊருக்கென்று ஒரு சபை இல்லை என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறது. ஓட்டுப் போட வருவதே பாதிப் பேர்தான் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் அளித்த ஓட்டு வீணாகவில்லை, சரி, ஆனால் அது போய்ச் சேர்ந்த ஆளால் ஒரு தெருவிளக்குக்குக்கூட அதிகாரியிடம் மனுக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மழையில் குடை பிடித்து யார் வரிசையில் நிற்பார்கள்?

மேயர் விஷயத்தில் மட்டும் ஒரு மாற்றம். லிமெரிக் நகரத்தில் 2019-ல் வாக்கெடுப்பு வைத்து நேரடி மேயர் வேண்டும் என்றார்கள் (அதே நாளில் கார்க்கிலும் வாட்டர்ஃபோர்டிலும் கேட்டதற்கு மயிரிழையில் வேண்டாம் என்றுவிட்டார்கள்). 2024 ஜூனில் ஜான் மோரன் என்ற சுயேச்சை, முன்னாள் நிதித்துறைச் செயலாளர், நாட்டின் முதல் நேரடி மேயராக ஜெயித்தார். அவர்கள் அந்தத் திசையில் போகும்போது நாம் இந்தத் திசையில் வந்திருக்கிறோம். 2011-ல் நாம் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம், 2019-ல் அதை மாற்றிக் கவுன்சிலர்களிடம் கொடுத்தாயிற்று. 2024 ஆகஸ்டில் நெல்லை மேயர் தேர்தலில் கட்சி அறிவித்தவருக்கு 30, அதே கட்சியிலிருந்து எதிர்த்து நின்றவருக்கு 23. ஊர் முழுக்க வேடிக்கை பார்த்தது, ஓட்டு 55 பேருக்குள்தான்.

பேட்டை வாசகர்: வெளிநாட்டுக்காரர்கள் அங்கே கவுன்சிலராகவே ஆகலாம் என்கிறீர்கள். யாராவது ஆகியிருக்கிறார்களா? உள்ளூர்க்காரர்கள் சும்மா விடுவார்களா?

ஆகியிருக்கிறார்கள். நைஜீரியாவிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்த ரொட்டிமி அடெபாரி 2007-லேயே போர்ட்லீஷ் ஊர் மேயரானார். நமக்குப் பக்கத்தில் சொல்ல வேண்டுமானால், கேரளத்து அங்கமாலிக்காரர் பேபி பெரேப்பாடன், டப்ளினுக்குத் தென்மேற்கே டாலா பகுதிக் கவுன்சிலர், 2024 ஜூனில் தெற்கு டப்ளின் சபைக்கு மேயரானார். முதலில் சுயேச்சையாக வந்தவர், பிறகு ஃபீனா கேல். நர்ஸ் குடும்பங்கள் ஒரே பகுதியில் குடியேறி, பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்து, ஓட்டுப் பட்டியலில் பெயர் சேர்த்து, இரண்டாம் மூன்றாம் விருப்பங்களை ஐரிஷ் வீடுகளிலும் கதவு தட்டிக் கேட்டு வாங்கினால் இது நடக்கும். ஒரு சமூகத்து ஓட்டு மட்டும் போதாது, அடுத்த வீட்டுக்காரரின் 3-ம் எண்ணாவது வேண்டும். அதனால் யாரையும் ரொம்பப் பகைத்துக்கொள்ள முடியாது. இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

சும்மா விடுவார்களா என்றால், விடாதவர்களும் இருக்கிறார்கள். 2024-ல் குடியேறிகளை எதிர்ப்பதையே ஒற்றைக் கோஷமாக வைத்துப் பலர் நின்றார்கள், ஒரு சிலர் ஜெயித்தும் வந்தார்கள். வெளிநாட்டு வம்சாவளி வேட்பாளர்களைத் தெருவில் வைத்துத் திட்டியதும் நடந்தது. நமக்கு இதைக் கேட்டால் கோபம் வருகிறது. நம்ம பிள்ளைகள் அங்கே வெளியூர்க்காரர்கள் ஆயிற்றே. ஆனால் இங்கே ஓட்டலில் மேசை துடைக்கிற, கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிற வடமாநிலத்துப் பையன் இந்த ஊர் முகவரியில் வாக்காளர் அட்டை எடுத்தால் நாம் என்ன பேசுகிறோம்? அவன் பாஸ்போர்ட்டில் என்ன நாடு போட்டிருக்கிறது?

மானூர் வாசகர்: அயர்லாந்துப் பெருமையே பாடுகிறீர்களே. நம்ம பக்கத்தில் ஒன்றும் இல்லையா?

உங்கள் ஊரிலேயே இருக்கிறது! உத்திரமேரூர் குடவோலையை எல்லோரும் சொல்வார்கள், அதற்கு நூறு வருஷத்துக்கு முந்தையது மானூர்க் கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. சபையில் பேச யாருக்குத் தகுதி என்று விதி வகுத்திருக்கிறார்கள். அதில் ஒரு விதி, வருகிற தீர்மானத்துக்கெல்லாம் 'அன்று, அன்று' (அதாவது 'இல்லை, இல்லை') என்று குறுக்கே நிற்கிறவருக்கு ஐந்து காசு தண்டம். நம்ம மாமன்றக் கூட்டத்தில் இதை வசூலித்தால் பாதாளச் சாக்கடைத் திட்டத்தையே முடித்துவிடலாம். ஆனால் ஜனநாயகம் என்று ரொம்பத் துள்ள வேண்டாம். அந்தச் சபையில் நிலம் வைத்திருந்த, வேதம் படித்த பிராமண ஆண்களுக்குத்தான் இடம். நானும் நீங்களும் வாசலோடு சரி.

அப்புறம் அயர்லாந்து நமக்கு அவ்வளவு தூரமும் இல்லை. இடையன்குடியில் அரை நூற்றாண்டு இருந்து, அங்கேயே அடக்கமாகியிருக்கிற கால்டுவெல் பிறந்தது ஆன்ட்ரிம் மாவட்டத்து கிளாடியில்.

முதல் கடிதம் எழுதிய வள்ளியூர் அம்மா, அடியில் பென்சிலால்: 1 யாருக்கு, 2 யாருக்குப் போட்டாய் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். அம்மாவிடம்கூடவா மறைப்பது?

மறைக்கட்டும்மா, ஓட்டு அவளுடையது. அதற்குப் பதில் வேறொன்று கேளுங்கள்: வீடு மாறிவிட்டேன் என்று அவள் சொன்னதாகவும் கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றினாளா என்று. ஆன்லைனில் பத்து நிமிஷ வேலை, பி.பி.எஸ். எண்ணும் (நம்ம ஆதார் எண் மாதிரி) புது வீட்டு எயர்கோடும் (அந்த ஊர் அஞ்சல் குறியீடு) இருந்தால் போதும். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029-ல்.